மாணவரை ஆய்வகத்துக்குள் அழைக்கும்போது: ஆய்வகத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆய்வகத் தலைவர்களே, வணக்கம்.

அடுத்த விடுமுறைக்கு ஆய்வகங்களில் இடம் தேடி மாணவர்கள் மின்னஞ்சல் எழுதத் தொடங்கும் காலம் இது. நீங்கள் நடத்துவது உயிர்மருத்துவ ஆய்வகமாக இருந்தாலும், கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஒரு துறையாக இருந்தாலும், அந்த மின்னஞ்சல்கள் உங்களுக்கும் வரும். நான் கால்நடை நோயியல் கற்பிக்கும் ஆசிரியர். இளநிலை மாணவர்களைப் பிற ஆய்வகங்களுக்குப் பயிற்சிக்கு அனுப்பி வைக்கிறேன். பிறர் அனுப்பும் மாணவர்களை என் நுண்ணோக்கிக்குப் பக்கத்தில் உட்கார வைத்துக் கற்றுத் தருகிறேன். இரண்டு பக்கமும் நின்று பார்த்தவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். மாணவருக்கு இடம் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். அவருக்கென்று ஒரு கேள்வி, அன்றாடம் தயங்காமல் சந்தேகம் கேட்க ஓர் ஆள், வாரத்துக்கு ஒரு மணி நேரம் உங்களுடைய கவனம் ஆகிய மூன்றையும் அந்த இடத்தோடு சேர்த்தே கொடுங்கள். மூன்றையும் கொடுக்க முடியாத ஆண்டில் யாரையும் சேர்க்காமல் இருப்பதே நேர்மை.

இவ்வளவு கறாராகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் அனுப்பி வைத்த மாணவி ஒருவர், பெயர்பெற்ற ஓர் ஆய்வகத்தில் விடுமுறை முழுவதும் குழாய்களுக்கு எண் எழுதி ஒட்டிவிட்டுத் திரும்பி வந்தார். அவை எந்த நோயின் மாதிரிகள் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. யாரும் சொல்லவில்லை; கேட்கும் துணிவும் அவருக்கு வரவில்லை. குழாய்க்குச் சரியாக எண் எழுதுவது சிறிய வேலை என்று நான் சொல்லமாட்டேன். தவறாக எழுதிய ஓர் எண் ஓர் ஆண்டின் உழைப்பைக் கெடுத்துவிடும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் எதற்காக எழுதுகிறோம் என்று தெரியாமல் எழுதியவர் ஆய்வைக் கற்கவில்லை. கையில் ஒரு சான்றிதழோடும், 'ஆராய்ச்சி எனக்கு ஒத்துவராது' என்ற முடிவோடும் அவர் வந்தார். அந்த முடிவை மாற்ற எனக்கு நெடுநாள் ஆயிற்று.

முதலில் மாணவர்கள் உள்ளே வரும் வழியைப் பார்ப்போம். அவர்களுடைய மின்னஞ்சல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மதிப்பெண் வரும், 'தங்கள் ஆய்வில் மிகுந்த ஆர்வம் கொண்டுள்ளேன்' என்ற வரி வரும், உங்கள் கட்டுரை ஒன்றின் தலைப்பு வேறொரு எழுத்துருவில் ஒட்டப்பட்டிருக்கும். இதே கடிதம் இன்னும் பலருக்குப் போயிருக்கிறது என்பது பார்த்த மாத்திரத்திலேயே தெரிந்துவிடும், நீங்களும் அழித்துவிடுவீர்கள். எழுதியவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். எந்த ஆய்வகத்தில் இடம் இருக்கிறது, யார் இளநிலை மாணவரைச் சேர்த்துக்கொள்வார்கள், எந்த மாதத்தில் கேட்க வேண்டும் என்ற விவரம் எதுவும் வெளியில் இல்லை. பேராசிரியர் வீட்டுப் பிள்ளைக்கு அது சாப்பாட்டு மேசையிலேயே கிடைத்துவிடுகிறது. குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகத்துக்கு வந்தவர் நாற்பது பேருக்கு எழுதிவிட்டுக் காத்திருக்கிறார்.

கடிதத்தைப் படித்துத் தகுதியானவருக்கே பதில் போடுகிறோம் என்று நாம் நம்புகிறோம். 2012-இல் மில்க்மேன், அகினோலா, சுக் என்ற மூன்று ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனை இந்த நம்பிக்கையை அசைத்துவிட்டது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் 6,500-க்கும் மேற்பட்ட பேராசிரியர்களுக்கு, முனைவர் பட்ட ஆய்வில் சேர விரும்பும் மாணவர் எழுதுவதுபோல் மின்னஞ்சல் அனுப்பினார்கள். பத்து நிமிடச் சந்திப்பு கேட்கும் கடிதம் அது. கடிதம் ஒன்றே, கீழே இருந்த பெயர் மட்டும் மாறியது. 'இன்று சந்திக்க முடியுமா' என்று கேட்டபோது பெயரால் பெரிய வேறுபாடு வரவில்லை. 'அடுத்த வாரம் சந்திக்க முடியுமா' என்று கேட்டபோது, வெள்ளை இன ஆண்களின் பெயர் தாங்கிய கடிதங்களுக்கு, பெண்கள், சிறுபான்மையினர் பெயர் தாங்கியவற்றைவிட 26 சதவீதம் அதிகமாகச் சந்திப்பு கிடைத்தது. அந்தப் பேராசிரியர்களில் பெரும்பாலோர் தாங்கள் பாரபட்சம் காட்டியதாக நினைத்திருக்க மாட்டார்கள் என்றே எண்ணுகிறேன். யோசிக்க நேரம் கிடைத்தபோதுதான் வேறுபாடு பெருகியது என்பது என்னை மிகவும் உறுத்துகிறது.

ஆகவே இடங்களை வெளிப்படையாக அறிவியுங்கள். எத்தனை பேர், எத்தனை வாரம், எந்தத் தேதிக்குள் விண்ணப்பம் என்று ஒரே பக்கத்தில் எழுதி எல்லோருக்கும் தெரியும்படி வையுங்கள். எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். 'முன் அனுபவம் இருந்தால் நல்லது' என்ற வரியைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். முதல் அனுபவத்தைத் தேடி வருபவரிடம் முந்தைய அனுபவம் கேட்பது, ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்கே மறுபடியும் கதவைத் திறப்பதாகும்.

இளநிலை மாணவரால் என்ன செய்துவிட முடியும் என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். நம் துறையின் வரலாற்றையே பதிலாகச் சொல்லலாம். கணையத்தில் சிதறிக் கிடக்கும் செல் தீவுகளை 1869-இல் பெர்லினில் முதலில் விவரித்த பால் லாங்கர்ஹான்ஸ் அப்போது மருத்துவ மாணவர். அவை எதற்காக இருக்கின்றன என்று அவருக்குத் தெரியாது. பார்த்ததைப் பார்த்தபடி எழுதி வைத்தார். இதயத் துடிப்பைத் தொடங்கி வைக்கும் முடிச்சை 1907-இல் ஆர்தர் கீத்தோடு சேர்ந்து விவரித்த மார்ட்டின் ஃப்ளாக்கும் மருத்துவ மாணவர்தான். லாங்கர்ஹான்ஸ் கண்ட தீவுகளிலிருந்து இன்சுலினைப் பிரித்தெடுக்க 1921-இல் டொரன்டோவில் பான்டிங் என்ற மருத்துவர் முயன்றபோது, அவருக்குத் துணையாக நின்ற சார்லஸ் பெஸ்ட் அப்போதுதான் இளநிலைப் படிப்பை முடித்திருந்த 22 வயது இளைஞர். இரத்தத்தில் சர்க்கரையை அளக்கும் முறை பெஸ்டுக்குக் கைவந்திருந்தது. அறுவை சிகிச்சை தெரிந்த பான்டிங்குக்கு அந்தக் கை தேவைப்பட்டது. ஒரு மாணவரிடம் ஒப்படைக்கப்பட்ட உண்மையான வேலை எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. பெஸ்ட் அளந்து சொன்ன எண் இல்லாமல் அந்தச் சோதனை ஓரடிகூட நகர்ந்திருக்காது.

ஆனாலும் நான் மாணவர்களிடம் அடிக்கடி சொல்வது ஜே மக்லீனின் கதையைத்தான். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த மக்லீனுக்கு, உடலியல் பேராசிரியர் வில்லியம் ஹவல் ஒரு சிறிய வேலையைக் கொடுத்தார். இரத்தம் உறைவதைத் தூண்டும் பொருள் ஒன்றை எடுத்து, அதன் தன்மையை ஆராய வேண்டும். மக்லீன் பிற உறுப்புகளிலிருந்தும் அதுபோன்ற பொருளைப் பிரித்துப் பார்த்தார். நாயின் கல்லீரலிலிருந்து எடுத்த ஒன்று நேர் எதிராக நடந்துகொண்டது. இரத்தத்தை உறையவிடாமல் தடுத்தது. ஹவல் எளிதில் நம்பவில்லை. மக்லீன் பின்னாளில் எழுதிய நினைவுக் குறிப்பின்படி, பூனையின் இரத்தம் இருந்த பீக்கரில் அந்தப் பொருளைக் கலந்து ஹவலின் மேசையில் வைத்துவிட்டு, 'உறைந்ததும் சொல்லி அனுப்புங்கள்' என்றாராம். அது உறையவே இல்லை. 1916-இல் அந்த முடிவு வெளியானது. ஹவல் அதைத் தொடர்ந்து ஆராய்ந்தார். 1918-இல் அவரும் ஹோல்ட் என்ற ஆய்வாளரும் வைத்த பெயர்தான் ஹெபாரின்.

இந்தக் கதையில் மாணவரின் கூர்மையைப் பலரும் பாராட்டுவார்கள். நான் ஹவலைப் பார்க்கிறேன். தான் எதிர்பார்த்ததற்கு மாறான முடிவோடு ஒரு மாணவர் வந்து நின்றபோது அவர் சந்தேகப்பட்டார். அது அவர் கடமை. ஆனால் மாணவர் தன் மேசைக்கே வந்து நிரூபித்துக் காட்ட இடம் கொடுத்தார். உங்கள் ஆய்வகத்தில் ஒரு மாணவர் எதிர்பாராத முடிவோடு வந்தால் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். 'பிப்பெட்டைச் சரியாகப் பிடித்திருக்க மாட்டாய், மறுபடியும் செய்' என்பதோடு பேச்சு முடிந்துவிடுமா? பெரும்பாலான நேரங்களில் பிப்பெட்தான் காரணமாக இருக்கும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். அதையும் பக்கத்தில் நின்று சேர்ந்தே கண்டுபிடியுங்கள்.

இப்போது நம் இரு துறைகளுக்கும் நடுவே எழுந்து நிற்கும் சுவரைப் பற்றிப் பேச வேண்டும். எனக்கு மிகவும் வேண்டிய விஷயம் இது. மருத்துவமும் உயிர் அறிவியலும் படிக்கும் மாணவர்கள் கால்நடை ஆய்வகத்தை ஒரு முறைகூடப் பார்க்காமல் பட்டம் பெறுகிறார்கள். கால்நடை மருத்துவ மாணவர்களோ, தங்கள் படிப்பு மருத்துவமனைக்கும் பண்ணைக்கும் மட்டுமே உதவும் என்ற எண்ணத்தோடு வளர்கிறார்கள். இரத்தம் உறையாமல் தடுக்க, ஹெபாரின் ஊசிக்குப் பிறகு பல நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டுவந்த மாத்திரை வார்ஃபரின். ஒன்றின் கதை மருத்துவ மாணவரிடம் தொடங்குகிறது. மற்றொன்றின் கதை மாட்டுத் தொழுவத்தில் தொடங்குகிறது.

1920-களில் கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் மாடுகள் சிறு காயத்துக்கே இரத்தம் நிற்காமல் இறந்தன. கொம்பு நீக்கினால் சாவு, காயடித்தால் சாவு. பூஞ்சை பிடித்த ஸ்வீட் க்ளோவர் தீவனம்தான் காரணம் என்று கண்டவர் ஃபிராங்க் ஸ்கோஃபீல்ட் என்ற கால்நடை நோயியலாளர். இரத்தத்தில் உறைவுக்கான புரோத்ராம்பின் குறைந்துபோகிறது என்று அடுத்துக் காட்டியவர் லீ ரோடரிக், அவரும் கால்நடை ஆய்வாளரே. 1933-இல் ஒரு விவசாயி இறந்த பசுவையும், உறையாத இரத்தம் நிறைந்த பால் கேனையும், கெட்டுப்போன தீவனத்தையும் ஏற்றிக்கொண்டு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அங்கே கார்ல் பால் லிங்க் என்ற உயிர்வேதியியலாளரின் ஆய்வகம் பல ஆண்டுகள் உழைத்து அந்த நச்சுப்பொருளைப் பிரித்தெடுத்தது. அதன் வழிவந்த வார்ஃபரின் 1948-இல் எலிக்கொல்லியாகச் சந்தைக்கு வந்து, 1954-இல் மனிதர்களுக்கான மருந்தாக அனுமதி பெற்றது. கால்நடை மருத்துவர் பார்த்ததையும் வேதியியலாளர் பிரித்ததையும் ஒருங்கே அறிந்த ஒரு மாணவர், இன்று உங்கள் ஆய்வகத்திலோ என் ஆய்வகத்திலோ இருக்கிறாரா?

சுவரின் மறுபக்கத்திலிருந்து வந்து நம் எல்லோருக்கும் பாடம் சொன்னவர்களும் உண்டு. கால்நடை மருத்துவம் படித்த பீட்டர் டோஹர்ட்டி, நோய் எதிர்ப்புச் செல்கள் வைரஸ் தொற்றிய செல்லை எப்படி அடையாளம் காண்கின்றன என்று ரால்ஃப் ஜிங்கர்நாகலோடு சேர்ந்து கண்டறிந்து, 1996-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்றார். வைரஸ் புற்றுநோயை உண்டாக்கும் என்பதை பெய்டன் ரௌஸ் 1911-இல் ஒரு கோழியின் கட்டியில் காட்டினார். பரிசு வந்தது 1966-இல். கால்நடைகளை வாட்டிய ரிண்டர்பெஸ்ட் நோய் உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக 2011-இல் அறிவிக்கப்பட்டது. மனிதர்களின் பெரியம்மைக்குப் பிறகு அப்படி ஒழிக்கப்பட்ட நோய் அது ஒன்றுதான்.

என் வேண்டுகோள் எளிமையானது. உயிர்மருத்துவ ஆய்வகம் வைத்திருப்பவர்கள் ஆண்டுக்கு ஓர் இடத்தையாவது கால்நடை மருத்துவ மாணவருக்கு ஒதுக்குங்கள். கால்நடைக் கல்லூரிகளில் இருப்பவர்கள் மருத்துவ, உயிரியல் மாணவர் ஒருவரை அழையுங்கள். இரு பக்கமும் ஒரு வழிகாட்டி என்று சேர்ந்தே பார்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. நாய்க்கு வரும் எலும்புப் புற்றுநோய்க்கும் குழந்தைகளுக்கு வரும் எலும்புப் புற்றுநோய்க்கும் உள்ள ஒற்றுமையை வகுப்பில் எத்தனை முறை சொன்னாலும், இரண்டின் ஸ்லைடையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டும்போதுதான் மாணவரின் முகம் மாறுகிறது.

இனி, வந்து சேர்ந்த மாணவருக்கு என்ன வேலை கொடுப்பது? எட்டு முதல் பத்து வாரத்தில் முடியக்கூடிய கேள்வியைக் கொடுங்கள். உங்கள் பெரிய நிதித்திட்டத்தின் ஒரு மூலையை வெட்டிக் கொடுத்தால், மாணவர் வருவதற்கு முன்பே தொடங்கி, போன பிறகும் முடியாத ஒன்றின் நடுவில் அவர் நிற்பார். நான் எப்போதும் காப்பக அறையைத்தான் திறந்துவிடுவேன். ஒவ்வொரு நோயியல் துறையிலும் பல பத்தாண்டுகளாகச் சேர்ந்த பாரஃபின் கட்டிகள், அதாவது திசுத் துண்டுகளைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டிகள், அலமாரிகளில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், ஒரு நோய்க்குறிப்பு. 'இந்தப் பத்து ஆண்டுகளில் வந்த கல்லீரல் கட்டிகளில் எத்தனை, எந்த வயதில், எந்த அமைப்பில்?' என்பது இளநிலை மாணவர் முழுவதும் சொந்தம் கொண்டாடக்கூடிய கேள்வி. இதற்காக ஒரு விலங்கும் புதிதாகச் சாக வேண்டியதில்லை. ஒரு தனி அனுமதிக்காக மாதக்கணக்கில் காத்திருக்கவும் பெரும்பாலும் வேண்டியதில்லை.

முதல் நாளில் ஸ்லைடை வைத்துவிட்டு நோயின் பெயரைச் சொல்லாதீர்கள். சாயமிட்ட கல்லீரல் துண்டு ஒன்றை ஒரு மாணவர் முன் வைத்து, 'என்ன தெரிகிறது' என்று கேட்டேன். 'இளஞ்சிவப்பாக இருக்கிறது' என்றார். 'சரி, அதை வரையுங்கள்' என்று பென்சிலும் தாளும் கொடுத்துவிட்டு என் வேலையைப் பார்க்கப் போனேன். திரும்பி வந்தபோது மூன்று தாள்கள் நிரம்பியிருந்தன. மூன்றாவதில், நடுவில் உள்ள சிறு நாளத்தைச் சுற்றிய செல்களில் மட்டும் கருவைப் போடாமல் விட்டிருந்தார். ஏன் என்று கேட்டேன். 'அங்கே கரு இல்லை, ஐயா. நான் விட்டுவிட்டேனோ என்று மறுபடியும் பார்த்தேன், உண்மையிலேயே இல்லை' என்றார். மைய நாளத்தைச் சுற்றிய செல்கள் இறந்துபோன கல்லீரல் அது. அதற்குரிய பெயரை அப்போதுதான் சொன்னேன். அந்தப் பெயரை அவர் இனி மறக்கப் போவதில்லை. இந்த மாதிரிப் பாடத்துக்கு நிதிநல்கை எதுவும் தேவையில்லை. பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும், அவ்வளவே.

அந்த ஒருவர் யார் என்பதை மாணவர் வருவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். பெரும்பாலான ஆய்வகங்களில் அது முனைவர் பட்ட ஆய்வாளராக இருக்கும். அவரிடம் 'இவரையும் கொஞ்சம் பார்த்துக்கொள்' என்று வராந்தாவில் வைத்துச் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். அவருடைய ஆய்வேடு ஒருபுறம் நெருக்கிக்கொண்டிருக்கும். மாணவருக்குச் செலவிடும் நேரத்தை அவருடைய வேலைக் கணக்கில் சேருங்கள்; எப்படிக் கற்பிப்பது என்று அவருக்கும் கற்றுக்கொடுங்கள்; மாணவரின் வேலை கட்டுரையாகும்போது அவருடைய பங்கையும் எழுத்தில் குறியுங்கள். நல்ல வழிகாட்டிகள் பலர் இப்படித்தான் உருவாகிறார்கள். வெறுத்துப்போய் விலகுபவர்களும் இந்த இடத்தில்தான் விலகுகிறார்கள்.

உயிருள்ள விலங்குகளோடு வேலை என்றால் இன்னும் கவனம் வேண்டும். 1959-இல் ரஸ்ஸலும் பர்ச்சும் வகுத்துத் தந்த மூன்று நெறிகளை, அதாவது விலங்குக்கு மாற்று தேடுவது, எண்ணிக்கையைக் குறைப்பது, துன்பத்தைத் தணிப்பது ஆகியவற்றை, மாணவர் கையெழுத்திடும் படிவத்தோடு நிறுத்திவிடாதீர்கள். கூண்டருகே நின்று காட்டுங்கள். சுண்டெலியை வாலைப் பிடித்துத் தூக்குவதுதான் நெடுங்கால வழக்கம். 2010-இல் ஜேன் ஹர்ஸ்டும் ரெபெக்கா வெஸ்டும் வெளியிட்ட ஆய்வு, அப்படித் தூக்கப்பட்ட எலிகள் மனிதக் கையைக் கண்டு அஞ்சி ஒதுங்குவதையும், குழாய்க்குள் ஏறவிட்டோ இரு உள்ளங்கைகளையும் குவித்தோ எடுக்கும்போது அந்த அச்சம் வெகுவாகக் குறைவதையும் காட்டியது. அஞ்சிய விலங்கிடமிருந்து வரும் அளவீடு அச்சத்தின் அளவீடாகவும் இருக்கும். விலங்கின் நலமும் ஆய்வின் தரமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதை ஒரு மாணவர் முதல் வாரத்திலேயே கையால் உணர முடியும்.

நடைமுறையில் ஒன்று சொல்ல வேண்டும். விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதியில் மாணவரின் பெயரைச் சேர்ப்பதையும், அவருக்கான பயிற்சி வகுப்பையும் அவர் வந்த பிறகு தொடங்கினால், பாதி விடுமுறை காத்திருப்பிலேயே போய்விடும். இடம் உறுதியான அன்றே அந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

அடுத்தது, பலரும் பேசத் தயங்குவது. தன் கையால் ஒரு விலங்கின் உயிர் போவதை முதன்முதலாகப் பார்க்கும் மாணவரை அன்று தனியே வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். கால்நடை மருத்துவ மாணவர்கள் விலங்குகளைக் காப்பதற்காகவே படிக்க வந்தவர்கள். அவர்களுக்கு இது இரட்டைச் சுமை. என்ன நடக்கப்போகிறது, எதற்காக, வலியில்லாமல் எப்படி என்று முன்பே சொல்லுங்கள். 'என்னால் முடியாது' என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டு என்பதையும், அப்படிச் சொல்வதால் பரிந்துரைக் கடிதத்தில் ஒரு வரிகூடக் குறையாது என்பதையும் நீங்களே வாய்திறந்து சொல்ல வேண்டும். முடிந்த பிறகு உட்கார்ந்து பேசுங்கள். கண் கலங்கிய மாணவரிடம் 'பழகிவிடும்' என்று சொல்லும் மூத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பழகிப்போவதை நாம் ஒரு தகுதியாகக் கற்பிக்கக் கூடாது.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உதவித்தொகை இல்லாத பயிற்சி என்பது, விடுமுறையில் சம்பாதிக்க வேண்டிய கட்டாயம் இல்லாதவர்களுக்கு மட்டுமான பயிற்சி. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 1969-இல் இளநிலை மாணவர்களைப் பேராசிரியர்களின் ஆய்வில் இணைக்கும் திட்டத்தைத் தொடங்கியது. அங்கே மாணவர் ஊதியம் பெற்றோ பாடமதிப்பு பெற்றோ ஆய்வு செய்யலாம். அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் 'அனுபவமே ஊதியம்' என்று சொல்லும் ஆய்வகங்கள் இருப்பது வருத்தமளிக்கிறது. இருவருக்குக் கொடுக்கும் அளவுதான் பணம் இருக்கிறதென்றால், ஐந்து பேரை இலவசமாகச் சேர்க்காமல் இருவரையே சேருங்கள்.

ஆய்வகத்தில் இடம் கிடைக்காத மாணவர்களை என்ன செய்வது? எவ்வளவு தாராளமாக நடந்தாலும் ஒரு துறை ஆண்டுக்குச் சிலரைத்தான் சேர்க்க முடியும். இங்கேதான் பாடவகுப்பையே ஆய்வாக மாற்றும் முயற்சிகள் எனக்குப் பெரிய நம்பிக்கை தருகின்றன. 2008-இல் ஹோவர்ட் ஹியூஸ் மருத்துவக் கழகமும் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் கிரஹாம் ஹாட்ஃபுல்லின் ஆய்வகமும் சேர்ந்து ஒரு திட்டத்தைத் தொடங்கின. முதலாண்டு மாணவர்கள் மண்ணை அள்ளி வந்து, பாக்டீரியாவைத் தாக்கும் ஃபேஜ் என்ற வைரஸ்களை அதிலிருந்து பிரித்து, பெயர் சூட்டி, மரபணு வரிசையை ஆராய வேண்டும். விடை முன்பே தெரிந்த வகுப்புப் பயிற்சியாக அது இருக்காது. ஒவ்வொருவருக்கும் கிடைப்பது வேறு வைரஸ்.

ஹாட்ஃபுல்லின் ஆய்வகத் தொகுப்பில் சேர்ந்த ஃபேஜ்களில் ஒன்று, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஒரு மாணவி 2010-இல் அழுகிய கத்தரிக்காயிலிருந்து பிரித்தெடுத்தது. அதற்கு 'மடி' (Muddy) என்று ஆங்கிலப் பெயர் சூட்டப்பட்டது. சில ஆண்டுகளுக்குப் பிறகு, லண்டனில் நுரையீரல் மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட சிறுமி ஒருவருக்கு எந்த ஆன்டிபயாடிக்கும் அசைக்காத பாக்டீரியத் தொற்று பரவியது. மருத்துவர்கள் ஹாட்ஃபுல்லிடம் உதவி கேட்டார்கள். மூன்று ஃபேஜ்கள் தேர்வாயின. அவற்றில் ஒன்று அந்தக் கத்தரிக்காய் ஃபேஜ், மற்ற இரண்டு மரபணு திருத்தப்பட்டவை. திருத்தப்பட்ட ஃபேஜ்கள் நோயாளி ஒருவருக்குக் கொடுக்கப்பட்டது அதுவே முதல் முறை. அந்தச் சிறுமியின் புண்கள் ஆறத் தொடங்கின, உடல் தேறியது. 2019-இல் அந்த விவரம் வெளியானது. மாணவி கத்தரிக்காயைக் கையில் எடுத்த நாளில் இந்த நோயாளியை யாரும் கற்பனை செய்திருக்க முடியாது. அவர் செய்தது, தான் கண்டதை ஒழுங்காகப் பிரித்து, ஒழுங்காக எழுதி, குளிர்பெட்டியில் பத்திரப்படுத்தும் ஏற்பாட்டுக்குள் சேர்த்தது. அந்த ஏற்பாட்டை உருவாக்கி வைத்திருந்தவர்கள் ஆசிரியர்கள்.

நம்முடைய வகுப்புகளிலும் இதைச் செய்யலாம். பண்ணைகளிலிருந்து வரும் சாண மாதிரிகளில் ஒட்டுண்ணி முட்டைகளை எண்ணும் பயிற்சியை ஆண்டுதோறும் ஒரே மாதிரிகளில் நடத்துகிறோம். அதே பயிற்சியை உண்மையான பண்ணை மாதிரிகளில் நடத்தி, குடற்புழு மருந்து கொடுப்பதற்கு முன்னும் பின்னும் எண்ணவைத்து, ஆண்டுக்கு ஆண்டு எண்களைச் சேர்த்து வைத்தால், மருந்துக்கு எதிர்ப்பு வளர்கிறதா என்பதை ஒரு வகுப்பே சொல்லிவிடும். அறுபது மாணவர்கள் ஒரே நேரத்தில் ஆய்வாளர்கள் ஆவார்கள்.

வேலை முடிந்து புறப்படும் மாணவரிடம் அவருடைய ஆய்வக நோட்டின் நகலைக் கொடுத்து அனுப்புங்கள். அவருடைய எண்கள் கட்டுரையில் வருமென்றால் பெயர் எங்கே வரும், ஆசிரியர் பட்டியலிலா நன்றியுரையிலா என்பதை முதல் வாரத்திலேயே பேசிவிடுங்கள். சோதனை தோற்றிருந்தால், தோற்றதையே பத்து நிமிடம் ஆய்வகக் கூட்டத்தில் பேசச் சொல்லுங்கள். பரிந்துரைக் கடிதத்தில் 'நல்ல மாணவர்' என்று எழுதாமல், அவர் எதைப் பார்த்தார், எங்கே பிடிவாதமாக நின்றார் என்று எழுதுங்கள். அப்படி எழுத முடியவில்லை என்றால், அந்த வாராந்திர ஒரு மணி நேரத்தை நீங்கள் அவருக்குக் கொடுக்கவில்லை.

கடைசியாக, ஆய்வகத் தலைவர்களின் மேல் அமர்ந்திருக்கும் துறைத் தலைவர்களுக்கும் புல முதல்வர்களுக்கும் ஒரு சொல். ஆசிரியரின் பதவி உயர்வுக்குக் கட்டுரைகளை எண்ணுகிறீர்கள், நிதியை எண்ணுகிறீர்கள். அவர் வழிகாட்டிய மாணவர்கள் இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு எங்கே இருக்கிறார்கள் என்று கேட்பதில்லை. அதைக் கேட்கத் தொடங்குங்கள். மாணவர்களிடமே நேரில் கேளுங்கள், வழிகாட்டியின் முன்னிலையில் வேண்டாம். ஆய்வகத்தில் அவமதிக்கப்பட்ட மாணவர் அச்சமின்றி முறையிட ஆய்வகத்துக்கு வெளியே ஒருவரை நியமியுங்கள். அவருடைய பெயர் மாணவருக்கு முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். விடுமுறைப் பயிற்சிக்கான உதவித்தொகையை மிச்சம் இருந்தால் பார்க்கலாம் என்று ஒதுக்காமல், நிதிநிலைத் திட்டத்தில் தனித் தலைப்பாக எழுதுங்கள். இதில் எது உங்கள் நிறுவனத்தில் நடக்காது என்று தோன்றுகிறதோ, அதை மட்டும் எனக்கு எழுதுங்கள். ஏன் நடக்காது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். சேர்ந்தே வழி தேடுவோம்.

அன்புடனும் மதிப்புடனும்,
கால்நடை நோயியல் ஆசிரியர் ஒருவர்